தாழ்ந்த சுருதியும் வீட்டுச் சுவரும்



திருகோணமலையிலே கோணேசர் கோயில் எழுந்துள்ள சுவாமிமலையின் விளிம்பில் வாடைக்காற்றுக் காலத்தில் நிற்பவர்கள், கீழே மோதும் அலையைக் கண்ணாற் காண்பதற்கு முன்னரே அதன் முழக்கத்தை நெஞ்சினால் உணர்வர். 7ஆம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தின்மீது பாடிய பதிகத்திலும் அந்தக் கடலின் ஆரவாரம் இடம்பெற்றுள்ளது. காதுக்கும் உடம்புக்கும் பொதுவான ஒலி அது. செக்கனுக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையில் மனிதக் காது கேட்கும் என்பர். அந்த எல்லையின் அடிப்பகுதியை அணுக அணுகக் காது தன் வேலையிற் பாதியை நெஞ்சுக்கூட்டிடமும் காலடி நிலத்திடமும் ஒப்படைத்து விடுகின்றது. இதே துறைமுகத்துக்கு அப்பாலுள்ள ஆழ்கடலிலே உலாவும் நீலத் திமிங்கிலங்கள் எழுப்பும் ஒலியிலும் பெரும்பகுதி அந்த அடியெல்லையைச் சார்ந்ததே. 1980களில் ஆராய்ச்சியாளர் நீரினுள்ளே ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவு செய்தனர்.

இவ்வளவு ஆழமான ஒலியை ஒரு வீட்டின் முன்கூடத்துக்குள் வரவழைக்கும் பெட்டிக்குச் சப்வூஃபர் என்று பெயர். ஆழ்ஒலிபெருக்கி என்று அழகாகத் தமிழாக்கலாம். ஆயினும் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் விழிப்பாராதலால், ஊர் வழங்கும் பெயரே இங்கும் வழங்கப்படுகின்றது. பெரிய தொலைக்காட்சிப் பெட்டியும் படம் பார்க்கும் வசதியும் வந்துவிட்ட வீடுகளிலே இன்று எழும் கேள்வி ஒன்றுண்டு. வெள்ளிக்கிழமை மாலையிற் கச்சேரி கேட்பதற்கும், சனிக்கிழமை இரவிற் பிள்ளைகளோடு படம் பார்ப்பதற்கும் ஒரே சப்வூஃபர் போதுமா? போதுமாயின் எத்தகையதை வாங்குவது?

இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம், இசையும் படமும் ஆழ்ந்த ஒலியை வெவ்வேறு நோக்கத்தோடு பயன்படுத்துவதேயாகும். நமது சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டைச் சுருதியிலே பாடும் ஆண் பாடகரின் தம்புராவில், மந்தர ஷட்ஜத் தந்தியின் மீடிறன் ஏறக்குறைய 65 ஹேர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பிக்கு ரவைப் பசையிட்டுப் பதப்படுத்தும்போது அதுவும் வலந்தலைக்கு ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழேயே நிற்கும். மெல்லிசைக்கு வந்தால் இன்னும் சற்று இறங்க வேண்டும். இளையராஜாவின் பாடல்களிலே தனி நடை நடக்கும் பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹேர்ட்ஸ். மேனாட்டுப் பியானோவின் கடைசிக் கட்டைதான் 27.5 ஹேர்ட்ஸ் வரை போகின்றது. அதனைத் தொடுவோர் அரியர். ஆகவே இசை கேட்பவருக்கு வேண்டிய ஆழம் பெரும்பாலும் 40 ஹேர்ட்ஸோடு முடிந்துவிடுகின்றது. அவருக்கு ஆழத்தினும் இன்றியமையாதது ஒழுங்கு. தொப்பியிலே கை விழுந்த கணத்தில் ஒலி எழ வேண்டும். கை எடுத்த கணத்தில் அது அடங்க வேண்டும். அடுத்த அடி விழுந்த பின்னும் முந்திய அடியின் முனகல் தொடருமாயின், தனியாவர்த்தனம் சேற்றில் நடந்த கதையாகிவிடும்.

படத்தின் வழி வேறு. திரையரங்கிலே ஆழ்ந்த ஒலியைத் தனிக் காட்சிப் பொருளாக்கிய பெருமை, 1974இல் வெளிவந்த ‘ஏர்த்குவேக்’ என்னும் ஆங்கிலப் படத்துக்கு உரியது. பூகம்பக் காட்சிக்கென்று ‘சென்சரவுண்ட்’ என்ற பெயரிலே பெரும் ஒலிபெருக்கிகளைத் திரையரங்குகளுள் நிறுவினர். ஹொலிவூட்டின் பெயர்பெற்ற சைனீஸ் தியேட்டரிலே கூரையிலிருந்து காரை உதிருமென அஞ்சி, பார்வையாளரின் தலைக்கு மேலே வலை கட்ட வேண்டியதாயிற்று. 1992இல் ‘பாட்மன் ரிற்றேர்ன்ஸ்’ படத்தோடு டொல்பி டிஜிற்றல் முறை அரங்கேறியது. அம்முறையிலே ஐந்து ஒலிவழிகளோடு, 120 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட முழக்கங்களுக்கு மட்டுமென ஆறாவது வழியொன்று ஒதுக்கப்பட்டது. ‘ஐந்து புள்ளி ஒன்று’ என விளம்பரங்களிற் காணும் அந்த ‘ஒன்று’ இதுதான். ஏனைய வழிகளைவிட இதற்கு 10 தெசிபெல் கூடுதலான இடமும் கொடுக்கப்பட்டுள்ளது. தமிழ்ப் படவுலகும் பின்தங்கி நிற்கவில்லை. 1995இல் ‘குருதிப்புனல்’ டொல்பி ஸ்ரீரியோ சரவுண்ட் முறையிலும், 1996இல் ‘கருப்பு ரோஜா’ டி.ரி.எஸ். முறையிலும் இந்தியாவிலேயே முதன்மை பெற்றன.

ஒரு பாட்டுப் பதிவிலே இத்தகைய தனி வழி கிடையாது. இடம் வலமென இரண்டு வழிகளே உள்ளன. அவற்றின் அடிப்பகுதியை ஏந்திக்கொள்வதே அங்கே சப்வூஃபரின் பணி. படத்திலோ வெடியும் இடியும் 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே, 20 ஹேர்ட்ஸ் வரையும் இறங்குகின்றன. இங்கே ஒரு பௌதிக விதியை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒரே அளவு உரப்பை ஒரு ஸ்தாயி கீழே எழுப்புவதற்கு நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும். 40 ஹேர்ட்ஸிலே சுகமாக வேலை செய்யும் 8 அங்குலக் கூம்பு, 20 ஹேர்ட்ஸிலே மூச்சுத் திணறுவது இதனாலேயே. பெட்டி சிறிது, ஆழம் பெரிது, உரப்பும் பெரிது என்று கூறும் விளம்பரம் இம்மூன்றில் ஒன்றையாவது மிகைப்படுத்துகின்றது என்று கொள்வதில் தவறில்லை.

பெட்டிகள் இரண்டு வகையின. ஒன்று நாற்புறமும் அடைத்தது. மற்றையது குழாய் போன்ற துவாரம் ஒன்றை உடையது. துவாரமுள்ள பெட்டி, குடத்தின் வாயில் ஊதினால் எழும் நாதத்தைப் போன்ற பரிவைத் துணைக்கழைத்து, குறைந்த மின்வலுவிலே கூடிய முழக்கத்தைத் தரும். ஆனால் அந்தத் துவாரம் எந்த மீடிறனுக்கு அமைக்கப்பட்டதோ அதற்குக் கீழே போனதும் கைவிட்டுவிடும். ஒரு ஸ்தாயி இறங்குந்தோறும் 24 தெசிபெல் வீதம் அதன் ஒலி விழுகின்றது. அடைத்த பெட்டி ஆரம்பத்திலே அவ்வளவு உரப்பாக இராது. எனினும் அதன் வீழ்ச்சி 12 தெசிபெல் வீதமே. அடியும் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். இசைக்கு அடைத்த பெட்டி, படத்துக்குத் துவாரப் பெட்டி என்று பலர் சூத்திரம்போலச் சொல்வது இதனாலே. சூத்திரம் முற்றாகப் பொய்யன்று. நன்கு செய்யப்பட்ட துவாரப் பெட்டி, மலிவான அடைத்த பெட்டியை இசையிலும் வெல்லக் கூடும். ஆனால் இரண்டு தேவைக்கும் ஒன்றே வாங்கக் கூடிய வீட்டார், ஐயம் வருமிடத்து இசையின் பக்கம் சாய்வதே மேல். இசைக்கு ஒழுங்காக நடக்கும் பெட்டியிலே படத்தின் இடி சற்று அளவாக ஒலிக்கும். அதனாற் கதை கெடாது. இடிக்கென்றே வாங்கிய பெட்டியிலே மிருதங்கம் கெடும். கெட்ட பின்னர் அதனைத் திருத்த எந்தத் திருகும் கிடையாது. 10 அல்லது 12 அங்குலக் கூம்புடைய அடைத்த பெட்டியொன்று நடுத்தர முன்கூடத்துக்குப் பொருந்தும். கூடம் பெரிது, படமே முதல் விருப்பம் என்பவருக்குத் துவாரப் பெட்டி தக்கது.

(துவாரப் பெட்டியை வாங்குவோர் பல்லியையும் மறத்தலாகாது. நாட்கணக்காகப் பாடாதிருக்கும் பெட்டியின் குழாய் அதற்கு நல்லதொரு வாசஸ்தலம். மெல்லிய வலைத்துணி ஒன்று போதும்.)

பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.எம்.பி.ஓ. என்ற நான்கெழுத்தின் அருகிலே ஆயிரக்கணக்கான உவாற்று எழுதப்பட்டிருப்பது கடைகளிற் காணும் காட்சி. அது ஒரு கணத்தின் கனவுக் கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய வலு எவ்வளவு என்பதே கேட்கத்தக்க கேள்வி. பெட்டியின் பின்புறத்தில், மின்சாரத்திலிருந்து அது பெறும் வலு எழுதப்பட்டிருக்கும். 60 உவாற்றுப் பெறும் பெட்டி 1,000 உவாற்றைத் தொடர்ந்து வெளியிடுமாயின், இலட்சபானாவிலே நீர்மின் நிலையம் கட்டியிருக்க வேண்டியதில்லை. மேலும், வலு இரு மடங்கானால் உரப்புக் கூடுவது 3 தெசிபெல் மட்டுமே. 10 தெசிபெல் கூடுவதற்குப் பத்து மடங்கு வலு வேண்டும். ஆதலால் 100 உவாற்றுக்கும் 120 உவாற்றுக்கும் இடையிலுள்ள வேற்றுமைக்காகப் பணத்தைக் கூட்டிக் கொடுப்பது வீண்.

இனி, பெட்டியைக் காட்டிலும் பெரிய விடயமொன்று இருக்கின்றது. அது வீடு. எமது வெப்பத்திலே ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்கின்றது. அக்கணக்கின்படி 40 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 8¾ மீற்றர் நீளமானது. 20 ஹேர்ட்ஸ் அலை 17½ மீற்றர். சாதாரண முன்கூடத்தினுள்ளே இத்தகைய அலை ஒன்று முழுதாக நீட்டிப் படுக்கவும் இடமில்லை. அது சுவரில் மோதித் திரும்பி, தன்னோடு தானே கலந்து, சில இடங்களிற் பெருகியும் சில இடங்களில் அழிந்தும் நிற்கும். 14 அடி அகலமுள்ள ஒரு கூடத்தை நினைத்துக்கொள்க. அதன் இரு சுவர்களுக்கிடையே 41 ஹேர்ட்ஸ் ஒலி நிலையலையாக நிற்கும். பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தியும் அதே 41 ஹேர்ட்ஸ் என்று முன்னர் கூறப்பட்டது. ஆகவே அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் சுவரோரம் இருப்பவருக்கு வீடே பாடுவதுபோலிருக்கும். கூடத்தின் நட்டநடுவில் நாற்காலியைப் போட்டிருப்பவரோ, கிற்றார்க்காரர் அந்தச் சுரத்தை விட்டுவிட்டார் என்று எண்ணுவார். சீமெந்துச் சுவரும் சீமெந்துத் தட்டுக் கூரையும் கொண்ட புது வீடுகளில் இந்தத் தொல்லை மிகுதி. ஓட்டுக் கூரையும் அகன்ற சாளரங்களும் காற்றுத் துவாரங்களும் உள்ள பழைய வீடுகளில் ஆழ்ந்த ஒலியின் ஒரு பகுதி வெளியேறிவிடும். சுரங்கள் அங்கே சமமாகக் கேட்கும். ஆனால் வெளியேறிய ஒலி எங்கே போயிற்று என்பதைப் பக்கத்து வீட்டார் அறிவர்.

மூலையிலே வைத்த சப்வூஃபர் உரத்து முழங்கும். கடைக்காரர் அங்கே வைக்கச் சொல்வதும் அதனாலேயே. ஆனால் மூலை, கூடத்தின் எல்லாப் பரிவுகளையும் ஒருங்கே எழுப்பிவிடும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க உலகெங்கும் கையாளும் முறை ஒன்றுண்டு, பார்ப்பவருக்குச் சிரிப்பூட்டுவது. வீட்டுக்காரர் வழக்கமாக இருக்கும் நாற்காலியின் இடத்திலே சப்வூஃபரை வைத்து, சுரங்கள் ஒவ்வொன்றாக இறங்கிவரும் பேஸ் கிற்றார்ப் பாட்டொன்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட வேண்டும். பின்னர் அவர் சுவரோரமாகத் தவழ்ந்து செல்ல வேண்டும். எந்த இடத்திலே எல்லாச் சுரமும் ஏறத்தாழ ஒரே அளவிற் கேட்கின்றதோ, அதுவே பெட்டிக்கு உரிய இடம். குழந்தைகளுக்கு அன்று நல்ல பொழுதுபோக்கு.

அடுத்தது, சிறிய ஒலிபெருக்கிகள் எங்கே விடுகின்றன, சப்வூஃபர் எங்கே தொடங்குகின்றது என்னும் எல்லை. 80 ஹேர்ட்ஸ் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. அதற்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகின்றது என்று காது எளிதிற் கண்டுகொள்ளாது. விரலளவு ஒலிபெருக்கிகளோடு வரும் மலிவுத் தொகுதிகளில் இந்த எல்லை 150 ஹேர்ட்ஸுக்கும் மேலே தள்ளப்பட்டிருக்கும். அப்போது பாடகரின் குரல் திரைக்குப் பக்கத்திலும், அக்குரலின் கனம் மட்டும் அலுமாரி மூலையிலுமாக நிற்கும். ஆதலின், சப்வூஃபருக்கென்று வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பக்கத்து ஒலிபெருக்கிகளுக்கு ஒதுக்குவது பல வீடுகளிலே கூடிய பயன் தரும். அவத்தை என்றொரு சிறு ஆளியும் பின்புறத்தில் இருக்கும். அதனை இருபுறமும் மாற்றிப் பார்த்து, மிருதங்கத்தின் தொப்பி எந்தப் பக்கத்தில் நிறைவாகக் கேட்கின்றதோ அந்தப் பக்கத்தில் விட்டுவிடலாம்.

துறைமுகப் பட்டினத்துக்கென்று சில கவனங்கள் உண்டு. உட்துறைமுகத்தை அடுத்தும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கமும் உப்புக்காற்று எந்த உலோகத்தையும் விடுவதில்லை. கம்பி பூட்டும் முனைகளில் பச்சை பூத்துவிடும். அவற்றை அடிக்கடி துடைத்தல் வேண்டும். கூம்பின் விளிம்பு நுரைப்பஞ்சினால் ஆனதாயின் வெப்பமும் ஈரமும் சில ஆண்டுகளில் அதனை உதிர்த்துவிடும். இறப்பர் விளிம்பு நீடித்து உழைக்கும். கனடாவிலிருக்கும் உறவினர் அனுப்பிய பெட்டியாயின், அது 120 வோல்ற்றுக்கு அமைந்ததாயிருக்கலாம். எமது 230 வோல்ற்றிலே அதனை நேரே பொருத்தினால் முதல் முழக்கமே இறுதி முழக்கமாகும். பாட்டில்லாத வேளையிலும் பெட்டி விடாது முரலுமாயின், அது பெரும்பாலும் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். தொலைக்காட்சி, பெருக்கி, சப்வூஃபர் ஆகிய மூன்றையும் ஒரே மின்தொடுப்பிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். முரல்வு நிற்குமென்று புவித்தொடுப்புக் கம்பியை வெட்டுவாரும் உளர். அது உயிரோடு விளையாடுவதாகும். இடிமின்னல் மாதங்களில் செருகியைக் கழற்றிவிடுவதும் நன்று.

இனிக் கூறப்போவதை எந்தப் பொருட்பட்டியலும் கூறுவதில்லை. உயர்ந்த சுரத்தைக் கதவு தடுக்கும், தலையணைகூடத் தடுக்கும். ஆழ்ந்த சுரத்தைச் செங்கற் சுவரும் முற்றாகத் தடுக்காது. பக்கத்து வீட்டுக்குப் பாட்டுப் போவதில்லை, வசனம் போவதில்லை. முழக்கம் மட்டும் போய்ச் சேர்கின்றது. அங்கே அது இன்னதென்று விளங்காத ஓர் அதிர்வு. யன்னற் கண்ணாடி நடுங்குகின்றது, அலுமாரியிலே பீங்கான் கிணுகிணுக்கின்றது. வேறோர் ஊரிலே இதனை அயலார் தொல்லை என்று சொல்லி முடித்துவிடலாம். திருகோணமலை 1942 ஏப்பிரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்களின் குண்டுகளைக் கண்ட ஊர். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்துவந்த ஊர். 2006இலே மூதூரிலும் சம்பூரிலும் நடந்த சண்டையின்போது விரிகுடாவைக் கடந்து வந்த எறிகணை முழக்கத்தைக் கேட்டுக்கொண்டு, வீட்டின் நடு அறையிலே பிள்ளைகளை அணைத்தபடி விழித்திருந்தவர்கள் இன்னும் அதே தெருக்களில் வாழ்கின்றனர். யுத்தம் 2009இல் முடிந்தது. சுவருக்கு அப்பால் படுத்திருக்கும் முதியவரின் உடம்புக்கு அது முடிந்ததா என்பது வேறு கேள்வி. படத்திலே கோட்டை தகர்கின்றது என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடி நடுங்குகின்றது என்பது மட்டுமே தெரியும். இரவு பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, அடுத்த முழக்கத்துக்காகக் காத்திருப்பார். காலையிலே யாரிடமும் சொல்லவும் மாட்டார்.

வெலிகமவில் எழுந்த வழக்கொன்றில் 2007இல் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிகளின் இரைச்சலை ஆராய்ந்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவற்றுக்கு அனுமதி வழங்கலாகாது என்பதைப் பொதுவிதியாக வகுத்தது. அது பொதுவிடங்களிற் கட்டும் ஒலிபெருக்கிகளைப் பற்றியது. முன்கூடத்துச் சப்வூஃபருக்கு எவரும் அனுமதி கேட்பதில்லை. ஆயினும் அந்த 10 மணி, வீட்டுக்கும் பொருத்தமான மணியே.

இரவிலே நேரும் ஒரு மயக்கத்தையும் அறிந்துகொள்ளல் வேண்டும். ஒலியைக் குறைக்கும்போது மனிதக் காதுக்கு முதலில் மறைவது ஆழ்ந்த சுரமே. 1933இல் பிளெச்சர், மன்சன் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனை அளந்து வெளியிட்டனர். ஆகவே குழந்தை உறங்குகின்றதென்று ஒலியைத் தாழ்த்தியவர், பாட்டு மெலிந்துவிட்டதே என்று சப்வூஃபரின் திருகை மட்டும் உயர்த்திவிடுவார். தமக்குக் கேட்பது மிதமாகத்தான் இருக்கும். சுவரின் வழியே போவது மிதமாயிராது. அடுத்த நாள் ஒலியைப் பழையபடி கூட்டும்போது திருகு உயர்ந்தபடியே நிற்கும். பெட்டியின் அடியிலே தடித்த இறப்பர்ப் பாதங்களை வைத்தால் நிலத்தின் வழியாகச் செல்லும் அதிர்வு ஓரளவு குறையும். காற்றின் வழியாகப் போவதை அது தடுக்காது. இரவுக்கென்று தனியளவு வைத்துக்கொள்ளும் வசதி, திருகைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதி ஆகியன உள்ள பெட்டியை, அவை இல்லாத சற்றுப் பெரிய பெட்டியினும் மேலாகக் கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது வீட்டார் தமக்கு மனப்பாடமான இரண்டு பாட்டுக்களைக் கொண்டு செல்லல் நலம். ஒன்று மிருதங்கத் தனியாவர்த்தனம், மற்றையது பேஸ் கிற்றார் நன்கு நடக்கும் மெல்லிசை. படத்தின் வெடிச் சத்தத்தைக் கடைக்காரர் தாமே போட்டுக் காட்டுவார். அதனைக் கேட்க வேண்டியதில்லை, எந்தப் பெட்டியும் வெடிக்கும். தொப்பியின் அடிகளைத் தனித்தனியே எண்ண முடிகின்றதா, கிற்றாரின் சுரங்கள் வெவ்வேறாகக் கேட்கின்றனவா, அல்லது எல்லாம் ஒரே ‘பொம்’ என்ற ஓசையா என்று பார்க்க வேண்டும். பெட்டி வீட்டுக்கு வந்து இடமும் அமைந்த பின்னர், ஒரு நாள் இரவு பக்கத்து வீட்டாரின் சம்மதத்தோடு அளவு குறிக்கும் வேலை எஞ்சியிருக்கும். ஒருவர் முன்கூடத்தில் இருந்து திருகைச் சிறிது சிறிதாகக் கூட்டிவர, பக்கத்துச் சுவரிலே அதிர்வு தெரியத் தொடங்கும் இடத்தை அறிந்து, அதற்குச் சற்றுக் கீழே பென்சிலாற் கோடிட வேண்டும். அந்நேரம் பெட்டிக்குரியவர் நிற்க வேண்டிய இடம் பக்கத்து வீடு.